ஆறு மணிப் பூசைக் கருத்து

கோயிலில் அவளுக்கு நன்றியக்கா என்றுதான் பேர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் பங்குப் பதிவேட்டில் எங்கேயோ தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப யாரும் போனதில்லை. மழை வந்தால் நன்றி என்பாள், நின்றாலும் நன்றி என்பாள். ஊசி விரலில் குத்தினால் கண்ணில் குத்தாமல் விட்டதற்கு நன்றி. இப்படி ஒருத்தி இருந்தால் சனங்கள் சும்மா விடுவார்களா? பாட்டுக் குழுப் பிள்ளைகள் அவளைக் கண்டால் போதும், "நன்றியக்கா, இன்னிக்கு எதுக்கு நன்றி?" என்று வம்புக்கு இழுக்கும். "உங்க வாய்க்கு ஆண்டவர் இன்னும் பூட்டுப் போடாம வச்சிருக்காரே, அதுக்குத்தான்" என்று அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள்.

தொழில் தையல். முன்னறையில் இரண்டு மிஷின், ஒன்று மிதிப்பது, ஒன்று கரண்டில் ஓடுவது. சாமியார்களின் பூசை உடுப்பு, பீடத் துணி, முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன் எல்லாம் அவள் கையில்தான் உருவாகும். புருஷன் லிப்ட் மெக்கானிக். ஒரே மகள், பாப்பா என்று கூப்பிடுவார்கள், கல்லூரியில் கடைசி வருஷம். புருஷனின் தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், அடுத்த தெருவில் வீடு. கட்டிக்கொண்டவன் கப்பலில் வேலை பார்ப்பதால், தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பானேன் என்று சாயங்காலமானால் அண்ணன் வீட்டுக்கு ஜெபம் சொல்ல வந்துவிடுவாள்.

அந்தச் சாயங்கால ஜெபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு மணிக்கு சகாயமாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமாலை முடித்து, பிறகு ஒவ்வொருவராக அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி நன்றி கூற வேண்டும். மற்ற மூன்று பேரும் "நன்றி இயேசுவே" என்று பதில் சொல்ல வேண்டும். இது நன்றியக்கா கொண்டுவந்த வழக்கம். அவளுடைய அப்பா விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் குறை பாடிக்கொண்டே இருந்த மனிதர். சோறு குழைந்தது, செருப்பு கடித்தது, தலைவிதி சரியில்லை. அந்த ஒப்பாரியில் வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த முதல் வாரமே சட்டம் போட்டுவிட்டாள்: "ஜெபத்துல குறை சொல்லக்கூடாது. நன்றி மட்டும்தான்." இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டம் ஒரு நாள்கூட மீறப்படவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு, ஏன் இல்லை என்று சொல்வது?

அந்த வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கே புருஷன் கிளம்பிவிட்டார். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரத்தில் பாப்பாவும், "லைப்ரரில இடம் பிடிக்கணும்மா" என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். வீடு காலி. முந்தின நாளே தைத்து முடித்த வெள்ளைப் பூசை உடுப்பு மேசைமேல் மடித்து வைத்திருந்தது. பங்குச் சாமியார் வெள்ளிக்கிழமைக்குத்தான் கேட்டிருந்தார். சும்மா இருப்பானேன், இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று அதைக் கைமேல் போட்டுக்கொண்டு நடந்தாள். வார நாளில் காலைப் பூசைக்கு அவள் போவதே இல்லை. அந்த நேரம் மிஷினுக்கு உரியது.

கோயிலின் பக்கவாட்டு அறையில் உடுப்பை மாட்டிவிட்டு, பீடத்தைப் பார்க்கிற கதவோரம் நின்றாள். யாருக்காகப் பூசை என்று அறிவிக்கிற உபதேசியார் தாளைப் பிரித்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் தொண்டையைச் செருமினார். பேரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, தொழிலைச் சொன்னால்தான் ஆள் விளங்கும் என்பது அவருடைய கொள்கை.

"இந்த ஆறு மணித் திருப்பலியின் கருத்து: நம் பங்கைச் சேர்ந்த லிப்ட் மெக்கானிக் சகோதரருக்குச் சிறுநீரகத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டி அறுவைச் சிகிச்சையால் அகற்றப்பட்டு, ஏழு மாதங்களுக்குப் பின் பரிசோதனையில் முழுச் சுகம் என்று தெரிய வந்ததற்காக, சகாயமாதாவுக்கு நன்றியாக அவருடைய தங்கை ஒப்புக்கொடுக்கிறார்."

"நன்றி இயேசுவே" என்றாள் அவள். பழக்க தோஷம். யாரோ பாவம், பிழைத்தாரே என்று மனம் குளிர்ந்தது. சிலுவை அடையாளம் போடக் கை நெற்றிக்குப் போனது, அங்கேயே நின்றது.

அந்தப் பங்கில் லிப்ட் மெக்கானிக் ஒரே ஒருத்தர்தான்.

முன்வரிசையில் மூன்று முதுகுகள் முழந்தாளில் இருந்தன. நடுவில் இருந்த நீலச் சட்டையின் தோள்பட்டையை அவள்தான் வெட்டித் தைத்தாள். இடது தோள் அரை விரற்கடை இறக்கம், ஏனென்றால் அவருக்கு அந்தத் தோள் அப்படி. வலது பக்கம் நர்ஸ். இடது பக்கம், லைப்ரரியில் இடம் பிடிக்கப் போன பாப்பா, அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷ அழுகை என்பது முதுகிலேயே தெரிந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏழு மாசத்துக்கு முன்னால் புருஷன் வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு லிப்ட் மாட்டும் வேலை என்று பத்து நாள் போனாரே, அதுவா? அதே பத்து நாள் பாப்பாவுக்குக் கல்லூரித் தியான முகாம் என்றார்களே! முகாமில் மற்றப் பிள்ளைகள் முன்னால் என் பிள்ளை கிழிசலோடு நிற்கக்கூடாது என்று அவசர அவசரமாக இரண்டு செட் இரவு உடுப்பு தைத்துக் கொடுத்து அனுப்பினாளே. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவா அதைத் தைத்தாள்? திரும்பி வந்தவர் மெலிந்திருந்தார், அங்கே சாப்பாடு சரியில்லை என்றார். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். லிப்ட் கதவின் விளிம்பு கிழித்துவிட்டது, அங்கேயே தைத்துவிட்டார்கள் என்றார். "மருந்து நான் கட்டிக்கிறேன் அண்ணி, நீங்க பயப்படுவீங்க" என்று நர்ஸ் தினமும் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கும் அன்றைக்கு நன்றி சொன்னாள். அப்புறம் அவருடைய பேண்டை இரண்டு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்து, தொப்பை குறைந்ததற்கு ஒரு நன்றி. வாரம் தவறாமல் புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு நாத்தனார் போக ஆரம்பித்ததற்கு ஒரு நன்றி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைகூப்பி, "நன்றி இயேசுவே" என்றார்களே! நெஞ்சு எப்படித் துணிந்தது?

பூசை முடியும்வரை நிற்கவில்லை. பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, பாதி வழியில்தான் அது மாறியிருப்பதைக் கண்டாள்.

ஏழரைக்குப் புருஷன் வந்தார். டீயை நீட்டினாள்.

"லிப்ட் சரியாச்சாங்க?"

"ஆச்சு. மூணாவது மாடில நின்னுருச்சு. ஒரு வயசான மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டாரு, பாவம். வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு. மெதுவா கையால சுத்திக் கீழ இறக்கினோம்."

அடப்பாவி மனுஷா! கேட்டது லிப்ட் சரியாச்சா என்று. இல்லாத கிழவர் ஒருவரை இல்லாத லிப்டில் அடைத்து, வேர்க்க வைத்து, காப்பாற்றியும் விட்டார். இத்தனை சரளமாக இவருக்குப் பொய் வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தியிருக்கலாம். டம்ளரைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். கன்னம் கொஞ்சம் உப்பி, கண் தெளிந்து, டீயை ஊதி ஊதிக் குடிக்கிற முகம். உயிரோடு இருக்கிற முகம். இந்த மனிதர் செத்துப் போயிருந்தால், எனக்கு எப்போது சொல்லியிருப்பார்கள்? அந்தக் கேள்வி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னறைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

மிதித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள். சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பார்ப்பது. வேண்டுதல் நிறைவேறியாயிற்று, கட்டி போயாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? மூன்று பேரில் ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லட்டும், மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். யாரும் சொல்லவில்லை என்றால், அந்தப் படத்துக்கு முன்னால் இனி நன்றி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. இருபத்திரண்டு வருஷத்து ஜெபம் அன்றோடு சரி. இதை அவள் விளையாட்டுக்கு நினைக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பேக்கரிக்காரி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், புதுநன்மைக் கவுனுக்கு அளவு கொடுக்க.

"என்ன நன்றியக்கா, எவ்வளவு பெரிய விஷயம், மூச்சு விடலையே! காலைப் பூசைல கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஊசி தொலைஞ்சு கிடைச்சாலே நன்றி சொல்ற ஆளு, இதை எப்படி வயித்துக்குள்ளயே வச்சிருந்தீங்க?"

அளவு நாடா கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டுதல் முடியற வரைக்கும் வெளிய சொல்ல வேணாம்னு... நாங்கதான்..."

"அதானே பாத்தேன்! பெரிய மனசு உங்களுக்கு. தைரியசாலி."

நாங்களாம்! சொல்லிவிட்டாள், வாய் கூசவில்லை. கற்றுக்குட்டிபோல் அந்தப் பிள்ளையின் இடுப்பைத் தப்பாக அளந்து, இன்னொரு தடவை அளந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. புருஷன் ஏமாற்றியதைவிட, அதை ஏமாற்று என்று வெளியே சொல்ல முடியாமல் அவர்களோடு சேர்ந்து நடிக்க வேண்டியதாகிவிட்டதே என்றுதான் வந்தது. பேக்கரிக்காரி அதையும் ஆனந்தக் கண்ணீராக எடுத்துக்கொண்டு கையைப் பிடித்துத் தடவிவிட்டுப் போனாள்.

மத்தியானம் பாப்பா வந்தாள். சாப்பிட்டாள். "இன்னிக்கு என்ன விசேஷம், முகம் ஜொலிக்குது?" என்று நன்றியக்கா கேட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்து வைத்துக் கொடுத்த மாதிரிதான்.

"லைப்ரரில நல்ல இடம் கிடைச்சுதும்மா" என்றாள் மகள்.

கதவு சாத்திக்கொண்டது.

ஏழு மணிக்கு நாத்தனார் வந்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றியது நன்றியக்காதான். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது. ஜெபமாலை முடிந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படிக்க அமைதியான இடம் கிடைச்சதுக்கு நன்றி" என்றாள் பாப்பா.

"நன்றி இயேசுவே."

"டியூட்டில நல்ல வார்டு போட்டதுக்கு நன்றி" என்றாள் நாத்தனார்.

"நன்றி இயேசுவே."

புருஷன் கொஞ்சம் தாமதித்தார். அவள் மனசுக்குள் கெஞ்சினாள்: சொல்லுங்க, சொல்லிடுங்க.

"காலைல லிப்டுல மாட்டுன பெரியவரு பத்திரமா இறங்குனதுக்கு நன்றி."

மற்ற இரண்டு பேரும் "நன்றி இயேசுவே" என்றார்கள். அவள் சொல்லவில்லை. அவள் முறை.

"இன்னிக்கு ஆறு மணிப் பூசைக்கு நன்றி" என்றாள், கடைசி நன்றியாக.

நாத்தனாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பாப்பா, "அம்மா..." என்று எழுந்தாள்.

"உக்காரு. ஜெபம் இன்னும் முடியல." படத்தைப் பார்த்தே பேசினாள். "இவரைப் பொழைக்க வச்சதுக்கு நன்றி மாதாவே. அதைச் சொல்லாம இருக்க எனக்கு என்ன கல்நெஞ்சா? ஆனா ஒண்ணு கேக்கறேன். இவங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், உபதேசியாருக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஏழு மாசம் தெனமும் உன் எதிர்ல வந்து உக்காந்தேனே. இவங்க என் காதுல பூ சுத்துனாங்க, நீ பாத்துக்கிட்டு இருந்தியே. நீயாவது ஒரு ஜாடை காட்டியிருக்கக் கூடாதா?"

"அண்ணி, நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்று நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "அண்ணன் சத்தியம் வாங்கிருச்சு. ஆனா மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன், பூசை வைக்கலைன்னா பாவம் இல்லையா? நீங்க வராத நாளாப் பாத்துத்தான் குடுத்தேன்."

"வேண்டுதலை மறந்தா பாவம். தெனமும் எங்கிட்ட பொய் சொன்னது?"

"அதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் அண்ணி."

"அப்போ சாமியாருக்கும் தெரியும்! சபாஷ். அவருக்குத்தான் கண்ணு வலிக்க உடுப்புக்குத் தங்க நூல்ல சிலுவை போட்டேன்." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதுதான் கொடுமை. மகள் பக்கம் திரும்பினாள். "நீ? நான் தைச்சுக் குடுத்த உடுப்பைப் போட்டுக்கிட்டு அங்க உக்காந்திருந்தியா?"

பாப்பா தலையை ஆட்டினாள். "ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிடலாம்னுதாம்மா நினைச்சேன்."

"நினைச்சியா? நினைச்சதுக்கு நன்றி."

அதைச் சொன்ன விதத்தில் பாப்பா முகத்தை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று நன்றியக்காவுக்கே பட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

புருஷன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பிள்ளையைத் திட்டாத. கட்டி இருக்குன்னு ஸ்கேன் ரிசல்ட் வந்த அன்னிக்கே உங்கிட்ட சொல்ல வந்தேன். இதே இடம். என் முறை வந்துச்சு. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், ஒரு மாதிரி கஷ்டமா இருக்குன்னு ஆரம்பிச்சேன். நீ கையைக் காட்டி நிறுத்திட்ட. மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, குறை வேணாம், நன்றி மட்டும்னு சொன்ன."

"நானா?"

"நாலாவது மாடி லிப்ட் ஓடுது, அதுக்கு நன்றின்னு சொன்னேன். நீகூடச் சிரிச்ச."

ஞாபகம் வந்தது. நாலாவது மாடி லிப்டுக்கெல்லாம் ஒரு நன்றியா என்று அவள் வாய்விட்டுச் சிரித்ததும், இவர் சிரிக்காமல் மெழுகுவர்த்தியையே பார்த்ததும் ஞாபகம் வந்தது.

"சரி. அது அரை நிமிஷம்" என்றாள். "அரை நிமிஷம் நான் வாயை அடைச்சேன். மீதி ஏழு மாசம்? காலைல டீ குடுத்தேன், மத்தியானம் சாப்பாடு கட்டினேன், ராத்திரி பக்கத்துல படுத்தேன். அப்பெல்லாம் நான் யாரு, வீட்டுக்கு வந்த விருந்தாளியா? உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, நான் கடைசியா உங்களுக்குச் சொன்ன வார்த்தை தொப்பை குறைஞ்சிருச்சுன்னுதான் இருந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க இருப்பேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெழுகு உருகித் தட்டில் வழிந்தது.

"சட்டையைத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தூக்கினார். அவள் முழந்தாளிலேயே நகர்ந்து பக்கத்தில் வந்து, மெழுகுவர்த்தியை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளம். ஒரே சீரான இடைவெளியில், ஆறிப் போன வெள்ளைத் தழும்பு. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டினாள், துணியில் தையலைச் சரிபார்ப்பதுபோல. ஓட்டி முடித்த விரலை எடுக்கவில்லை.

"கிழிஞ்சதுக்கும் வெட்டுனதுக்கும் வித்தியாசம் தெரியாமயா இத்தனை வருஷமா நான் தைக்கிறேன்?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "கதவு கிழிச்சா இப்படி நேரா வராது. பிசிறு இருக்கும். ஒரு தடவை நீங்க தூங்கும்போது பனியன் விலகியிருந்துச்சு, பாத்தேன். கைக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. கேட்டா சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு, மறுநாள் லேசான காயத்தோட விட்டதுக்கு நன்றின்னு முந்திக்கிட்டேன்."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். "நன்றி இயேசுவே" என்று யாரும் சொல்லவில்லை.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு யாரும் நினைக்க வேணாம்" என்றாள். "அதுக்கு இன்னும் நாளாகும். எவ்வளவு நாள்னு எனக்கே தெரியாது."

மெழுகுவர்த்தியைப் படத்துக்கு முன்னால் திரும்ப வைத்துவிட்டு, அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க, மொதல்லேருந்து. வலிச்சுதா?"

அவர் சட்டையை இறக்கிவிட்டார். தங்கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படத்துக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"வலிச்சுது" என்றார். "ரொம்ப வலிச்சுது. நீ இல்லையேன்னு இருந்துச்சு."